ஆள் அசைந்தால் எரியும் விளக்கு

முள்ளுக்குறிச்சி,
24.8.2025, ஞாயிறு

அன்புள்ள வேணி,

போன் அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது. முதலில் எடுக்காமல் இருந்தாய், பிறகு அணைத்தே வைத்துவிட்டாய். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். அதுவும் தலைமையாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம். சிரிக்காதே. சிரிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இதை மலை பஸ் கண்டக்டர் சென்றாயன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஏனுங் தனபாலு, கட்டுன பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கு எம்பட பஸ்ஸு வேணுமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நீ என்னோடு இறங்கி வருவாய் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை கூப்பிட வந்தபோது அத்தை மட்டும்தான் வாசலுக்கு வந்தார். "அவொ படுத்திருக்கறா சாமி, அப்பறமா வாங்க" என்றார். உள்ளே உன் கொலுசுச் சத்தம் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. படுத்திருக்கிறவளின் கொலுசு நடக்குமா வேணி? நான் அரை மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்கு முந்தின நாள் மிளகு விவசாயிகள் சங்கத்துக் கூட்டத்தில் நடந்ததை நீயே பார்த்தாய். நாற்பது பேர் உட்கார்ந்திருக்க நான் ஒருத்தன் நின்றேன். செயலாளர் அர்த்தனாரி எழுந்து, "வெளக்கு அணையாம இருந்திருந்தா சின்னான் இன்னைக்கு உசுரோட இருப்பாரு" என்றார். ஆளாளுக்குக் கத்தினார்கள். மாமனாரைத் தின்ற மாப்பிள்ளை என்றுகூட ஒருத்தர் சொன்னார். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நிற்கவில்லை. நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ தலையைத் தூக்கவே இல்லை.

நான் செய்த தப்பு என்ன? சங்கத்தின் ஜன்னலில்லாத குடோனில் பதினெட்டு பழைய சோடியம் விளக்கு இருந்தது. ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது வாட். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையிலிருந்து எரிந்து கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் திட்டம் வந்தது, சங்கம் கேட்டது, நான் அதையெல்லாம் இறக்கிவிட்டு எண்பது வாட் எல்இடி போட்டேன். மேலே சென்சார் வைத்தேன். ஆள் அசைந்தால் எரியும், அசைவு இல்லையென்றால் அணையும். அதன் வேலையே அதுதான். மாமாவுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டரே சொன்னார். அதற்கு என் விளக்கு என்ன செய்யும்?

மாமா போனது எனக்கும்தான் இழப்பு. மலைக்காரப் பெண்ணைக் கீழ்நாட்டானுக்குக் கட்டக் கூடாது என்று உன் பங்காளிகள் எல்லாம் குதித்தபோது, "எம்பட புள்ள கேக்கறா, குடுக்கறேன்" என்று சொன்ன ஒரே மனிதர் அவர். அவரை நான் சாகக் கொடுப்பேனா?

எப்போது வருகிறாய் என்று இரண்டு வரி எழுது.

உன்
தனபால்

வளப்பூர் நாடு,
1.9.2025

திரு. தனபால் அவர்களுக்கு,

கொலுசைக் கழற்றி வைத்துவிட்டேன். இனிமேல் சத்தம் கேட்காது.

விளக்கு சரியாக வேலை செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது செய்த வேலை என்ன என்று நான் எழுதுகிறேன்.

பழைய விளக்கு போட்டதும் எரியாது. சூடேறி வெளிச்சம் வர ஐந்து நிமிடமாகும். அணைத்துவிட்டால் அது ஆறினால்தான் மறுபடியும் எரியும். அதனால் காலையில் போட்டால் யாரும் அணைப்பதில்லை. கடைசியாக வெளியே வருகிறவர்தான் அணைத்துவிட்டு வருவார். விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் உண்டு, இருட்டாக இருந்தால் ஆள் இல்லை. சங்கம் தொடங்கின நாளிலிருந்து இதுதான் வழக்கம். பூட்டுகிறவர் யார் பேரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தகரக் கூரையில் மழை இறங்கினால் கூப்பிட்டாலும் கேட்காது. எட்டிப் பார்ப்போம், இருட்டாக இருந்தால் பூட்டுவோம்.

ஜனவரியில் உங்கள் விளக்கு வந்தது. விளக்கு மாறியது, எங்கள் வழக்கம் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, மாட்டிய உங்களுக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் இரண்டு, சனிக்கிழமை. மறுநாள் ஆடிப் பதினெட்டு என்பதால் அரை நாள் வேலை. நல்ல மழை. அப்பா மூன்றாவது வரிசையில் மிளகு மூட்டைகளில் கைவிட்டு ஈரம் பார்க்கப் போனார். ஒரு மணி ஆகப் போகும்போது, சாவி வைத்திருக்கிற நான் கதவண்டை வந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு. பூட்டினேன். ஒரு மணி பஸ்ஸில் முள்ளுக்குறிச்சிக்கு வந்தேன். நீங்கள் வாங்கி வைத்திருந்த புதுத் தாலிக்கயிற்றை மறுநாள் காலையில் மாற்றிக்கொண்டேன். வடை பாயசத்தோடு சாப்பிட்டோம். நீங்கள் பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்றீர்கள்.

அப்பா கோயில் பண்டிகைக்குப் போய்விட்டார், அவர் அக்கா வீட்டில் தங்கியிருப்பார் என்று அம்மா நினைத்தாள். வருஷா வருஷம் அப்படித்தான். அவர் போன் வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்தான் போய்த் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. "விழுந்த உடனே போகலைம்மா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் உயிர் இருந்திருக்கும். சனிக்கிழமையே கொண்டாந்திருந்தா பிழைச்சிருக்கலாம்" என்றார். இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாசி மாதம் அப்பா உங்களிடம் வந்து சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏனுங்க மாப்ளே, உங்க வெளக்கு என்னைய மனுசனாவே மதிக்க மாட்டேங்குதுங்க. செத்த நேரம் உக்கோந்து மொளகு பொறுக்குனா அணைஞ்சு போயிருது. எந்திரிச்சுக் கும்புட்டாத்தான் எரியுது" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பஸ்ஸ நிறுத்தறாப்புல கையக் காட்டுங்க மாமா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு மட்டும் ஒரு பத்து தடவை கையைக் காட்டிக்காட்டி ஆட்களைச் சிரிக்க வைத்தார்.

அவர் விழுந்து கிடந்தபோதும் கையைக் காட்டியிருப்பாரோ என்று எனக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நான் எப்போது வருவேன் என்று கேட்காதீர்கள்.

சி. அம்சவேணி

முள்ளுக்குறிச்சி,
10.9.2025

அன்புள்ள வேணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் உன் ஊருக்கே வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, பயப்படாதே. நேராகக் குடோனுக்குப் போனேன். நீ வேலைக்கு வராததால் சாவி இப்போது வாட்ச்மேன் ராசுவிடம் இருக்கிறது. முதலில் முடியாது என்றான். பிறகு என்ன நினைத்தானோ, திறந்துவிட்டான்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மூன்றாவது வரிசைக்குப் போனேன். இரண்டு பக்கமும் மிளகு மூட்டை பன்னிரண்டு அடுக்கு. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. மாமா கிடந்த இடத்தை நீ காட்டியிருந்தாய். அதே இடத்தில் நான் படுத்தேன். ஒரு நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

கையைத் தூக்கினேன். எரியவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன், காலை உதைத்தேன், புரண்டேன். எரியவில்லை வேணி. சென்சார் நடுப்பாதைக்கு மேலே இருபதடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மூட்டையின் தலை தெரியும், தரை தெரியாது. நான் ஜனவரியில் மாட்டிச் சோதித்தபோது குடோன் காலியாக இருந்தது. புதுமிளகு வரவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தேன், உட்கார்ந்தேன், தவழ்ந்துகூடப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் எரிந்தது. அர்த்தனாரி கைதட்டினார். குடோன் என்றால் மூட்டை அடுக்குகிற இடம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சோதித்தது காலிக் குடோனில். பதினெட்டு வருஷமாக வயர் பிடிக்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் முதலில் வைத்தது பதினைந்து நிமிடம். அசைவு நின்று பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அணையும். அர்த்தனாரிதான் வந்து, "ஒரு நிமிசத்துக்கு வெச்சுக் குடு தனபாலு. ஆபீசரு வந்து பாக்கறப்ப ரீடிங் நல்லாக் கொறஞ்சு காட்டோணும்" என்றார். திருப்புளியால் ஒரு திருகு. அரை நொடி வேலை. திருகிக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் அவர் எழுந்து பேசியபோது இதைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் திருகியது என் கைதானே என்று பேசாமல் நின்றேன்.

அங்கே படுத்துக்கொண்டு "ராசு, ராசு" என்று கத்தினேன். வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கேட்கவில்லை. மழைகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ராசு வந்து எட்டிப் பார்த்தான். உள்ளே இருட்டு. நான் போய்விட்டேன் என்று நினைத்து அவன்பாட்டுக்குக் கதவை இழுத்துச் சாத்தினான். என்னை உள்ளே விட்டவனே அவன்தான்! நான் மூட்டையைப் பிடித்து எழுந்து விழுந்தடித்து ஓடினேன். நடுப்பாதைக்கு வந்ததும் விளக்கு ஒவ்வொன்றாகப் பளிச் பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ராசு பயந்துபோய், "ஏனுங்ணா, ஏனுங்ணா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உன் மேல் துளிகூடத் தப்பில்லை. நீ இருட்டைப் பார்த்தாய், பூட்டினாய். உள்ளே ஆள் இருப்பதற்கு வேறு எந்த அடையாளமும் இல்லை. யாராக இருந்தாலும் பூட்டியிருப்பார்கள். தப்பு முழுக்க என்னுடையது. சங்கத்துக்கு அப்படியே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

மாமாவிடம் சிரித்தேனே, அதற்கு எங்கே போய் எழுதிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

தனபால்

வளப்பூர் நாடு,
14.9.2025

எழுதிக் கொடுக்காதீர்கள்.

கொடுத்தால் போலீஸ், கேஸ் என்று ஆகும். அதற்காக மட்டும் சொல்லவில்லை. காரணம் கேட்காதீர்கள், என்னால் இப்போது சொல்ல முடியாது. தப்பு முழுக்க உங்களுடையது என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். "முழுக்க" என்ற சொல்லை எழுதாதீர்கள்.

சாப்பிடுகிறீர்களா? சென்றாயன் அண்ணன் நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னார்.

அம்சவேணி

முள்ளுக்குறிச்சி,
28.9.2025

அன்புள்ள வேணி,

உன் கடிதம் வந்தபோது நான் எழுதிக் கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "முழுக்க" என்று எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில்.

போலீஸ் வரவில்லை. சங்கம் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் விஷயம் மலை முழுக்கப் பரவிவிட்டது. தேவனூர் நாட்டில் இரண்டு குடோனுக்கு விளக்கு மாற்றப் பேசியிருந்தேன் அல்லவா, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராசிபுரத்தில் கட்டிட வேலையில் சுவர் கொத்திக் குழாய் பதிக்கிற கூலியாகப் போகிறேன். மேஸ்திரி தனபால் கூலி தனபால் ஆகிவிட்டான். பரவாயில்லை, சுவர் கொத்தும்போது யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

உங்கள் குடோனில் என்ன மாற்ற வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசைக்கும் கையால் போட்டு அணைக்கிற சாதாரண விளக்கு ஒன்று. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மணி அடிக்கிற பித்தான், விழுந்து கிடக்கிறவனுக்கும் எட்டுகிற மாதிரி. சென்சார் இருபது நிமிடம். பூட்டுகிறவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்றும் எழுதினேன். அர்த்தனாரி படத்தை வாங்கிக்கொண்டார். "ஆனா உங்கையால மாட்ட வேண்டாம் தனபாலு, ஆளுக ஒத்துக்க மாட்டாங்க" என்றார். சரி, யார் கையால் மாட்டினால் என்ன.

போன வாரம் அத்தையை முள்ளுக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பலாப்பழம் விற்றுவிட்டு மலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். "அத்தே" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் "சாமி"யைத் தவிர வேறு சொல்லால் கூப்பிடாதவர்.

நான் குறை சொல்லவில்லை. அவர் புருஷனை அவர் இழந்திருக்கிறார். அதற்குக் காரணமானவன் முகத்தை எப்படிப் பார்ப்பார்? எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீயும் அந்த மாதிரித் திரும்பிக்கொண்டாயா, இல்லையா? அதைச் சொல்லிவிட்டால், வீட்டில் உன் சேலைகளை மடித்து அனுப்புவதா வைத்திருப்பதா என்று எனக்குத் தெரியும்.

தனபால்

வளப்பூர் நாடு,
7.10.2025

ஏனுங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிடுவேன். "அவர்களுக்கு" என்றெல்லாம் எழுதியது என் திமிர்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது. படித்து முடிக்கிறவரை என்னைத் திட்டாதீர்கள். முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

எங்கள் பக்கம் விளைச்சல் வைத்திருக்கிற இடத்துக்குள் யாரும் காலில் செருப்போடு போவதில்லை. களமானாலும் சரி, குடோனானாலும் சரி. கூரைச் சாய்ப்புக்குக் கீழே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்றைக்கு நான் கதவைப் பூட்டியபோது அப்பாவின் செருப்பு அங்கே இருந்தது.

இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை, காலால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத்தான் கதவை இழுத்தேன்.

பார்த்ததும் ஒரு நொடி நின்றேன். சேற்றில் நடக்கும்போது அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார், சில நாள் விட்டுவிட்டே போய்விடுவார். அப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருட்டு, ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லை. ரோட்டில் பஸ் வந்து நின்றுவிட்டது. சென்றாயன் அண்ணன் விசிலடித்தார். நீங்கள் காலையிலிருந்து மூன்று தடவை போன் போட்டு "வெரசா வா புள்ள" என்றிருந்தீர்கள். வேலை நாளெல்லாம் அம்மா வீட்டில் தங்கிவிடுவதால் ஒரு வாரமாக உங்களைப் பார்க்கவில்லை. பையில் உங்களுக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தேன். பூட்டிவிட்டு ஓடினேன். மழையில் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

திங்கட்கிழமை திறந்து உள்ளே நடந்தேன். நான் நடக்க நடக்க விளக்கு எரிந்துகொண்டே வந்தது. மூன்றாவது வரிசையில் அப்பாவைப் பார்த்தேன். ராசு அப்போது கிணற்றடியில் இருந்தான். நான் வெளியே வந்தேன். செருப்பு நனைந்து அங்கேயே கிடந்தது. முதலில் அதை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறார், மகள் செருப்பை ஒளிக்கிறாள். நான் என்ன பிறவி என்று எனக்கே தெரியவில்லை.

போலீஸ்காரர் கேட்டார், "ஆளு உள்ள இருக்கறதுக்கு ஒரு அடையாளமும் இல்லையாம்மா?" இல்லை என்றேன். கூட்டத்தில் அர்த்தனாரி கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எல்லோரும் விளக்கு, விளக்கு என்று ஆரம்பித்தார்கள். உங்களை நிற்க வைத்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். தலையைத் தூக்கியிருந்தால் என் முகத்தில் எழுதியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனால்தான் தூக்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது நிஜம். அப்பாவிடம் சிரித்தீர்களே என்ற கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் நான் உங்களோடு வராததற்குக் காரணம் அது இல்லை. உங்களைப் பார்த்தால், எதற்காக அந்த ஐந்து நிமிடம் நிற்காமல் ஓடினேன் என்பது நினைவுக்கு வருகிறது. உங்களைப் பார்க்கத்தான் ஓடினேன். உங்கள் கையால் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளத்தான் ஓடினேன். நான் அதை மாற்றிக்கொண்ட நேரத்தில் அப்பாவுக்கு உயிர் இருந்தது.

"வேறு எந்த அடையாளமும் இல்லை, உன் மேல் துளிகூடத் தப்பில்லை" என்று நீங்கள் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. நீங்கள் கூலிக்குப் போகிறீர்கள் என்றும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றும் எழுதிய பிறகு என்னால் முடியவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். செருப்பை எடுத்து முன்னால் வைத்துச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பையனப் பாத்து மொகத்த மூடிக்கிட்டனே கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைக்கிறாள், நான் போய் உட்கார்ந்ததும் எழுந்து போய்விடுகிறாள்.

வருகிற புதன்கிழமை, பதினைந்தாம் தேதி, காலை பத்து மணிக்குச் சங்கத்துக் கூட்டம். அங்கே சொல்லப் போகிறேன். வேலை போகும். போகட்டும். ஊரில் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். உங்கள் கடிதத்தில் "முழுக்க" என்று இருக்கிற இரண்டு இடத்தையும் அடிக்கச் சொல்வேன்.

சேலைகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வேணி

முள்ளுக்குறிச்சி,
12.10.2025, ஞாயிறு

வேணி,

கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் கை போனது. ஐந்து வாரம். ஐந்து வாரம் நான் ஒருத்தன் மட்டும்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். குடோன் தரையில் படுத்துக் கையை ஆட்டினேன். ராசிபுரத்தில் சுவர் கொத்தும்போது ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுகிற மாதிரி இருந்தது. "உன் மேல் தப்பில்லை" என்று உனக்கே ஆறுதல் எழுதினேன். நீ அதை வாங்கி வைத்துக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கு வேண்டாம், எனக்கு மட்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது முடியவில்லை. எழுதினால் பொய்யாகும். என்றைக்கு முடியும் என்றும் தெரியவில்லை.

ஆனால் மூன்று தடவை போன் போட்டு அவசரப்படுத்தியவன் நான். நீ அதை மெதுவாக, குத்தாமல் எழுதியிருக்கிறாய். எனக்குக் குத்தியது. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பாயசத்தைக் குடித்தோம். இனிமேல் நம் வீட்டில் ஆடிப் பதினெட்டு எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை வேணி. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது வருஷா வருஷம் வரும்.

சேலைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. நான் தொடவில்லை.

புதன்கிழமை கூட்டத்தில் உன்னை நிற்க வைப்பார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நீ ஒருத்தி நிற்பாய். ஆளாளுக்குக் கத்துவார்கள். முதலில் காது அடைத்துக்கொள்ளும், பிறகு எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு நாற்காலிகூட இருக்காது. எனக்குத் தெரியும்.

நான் வாரேன். வீட்டுக்குக் கூப்பிட வரவில்லை, உனக்காகப் பேசவும் வரவில்லை. உன் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவேன்.

தனபால்